பிளாஸ்டிக் புழுவை எப்படி இழுப்பது? பாஸ் தூண்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குக் குடிவந்த நம் ஆட்களில் பலர், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்புக் குளத்தில் பாஸ் மீன் துள்ளுவதைப் பார்த்துத்தான் ராடு (தூண்டில் கம்பு) வாங்குகிறார்கள். கடையில் நூறு வண்ணங்களில் பிளாஸ்டிக் புழு தொங்கும். வாங்கி, வீசி, ராடில் இருக்கும் நூல் உருளையான ரீலைச் சுற்றினால் ஒன்றும் கடிக்காது. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலும் லார்ஜ்மவுத் பாஸையும் டெக்சாஸ் ஏரிகளையும் மனதில் வைத்து எழுதியவை.

புழு என்றால் மண்புழு மாதிரி செய்த ரப்பரா?

ரப்பர் இல்லை, மென்மையாக்கிய பி.வி.சி. பிளாஸ்டிக். ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் க்ரீம் என்பவர் 1949-இல் உருவாக்கிய புழுதான் இந்த வியாபாரத்துக்கே தொடக்கம். அவருடைய கம்பெனி பின்னர் டெக்சாஸின் டைலர் நகருக்கு வந்தது. இன்று 4 அங்குலம் முதல் 10, 12 அங்குலம் வரை கிடைக்கிறது. வகைகள் ஏராளம் என்றாலும் மூன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்: வால் நேராக இருப்பது, வால் சுருண்டு ரிப்பன் போல நெளிவது, சென்கோ என்ற பிராண்டு மாதிரி தடித்த குச்சி வடிவம். இழுக்கும் முறை இந்த வடிவத்தைப் பொறுத்து மாறும்.

ரீலைச் சுற்றி இழுத்தால் ஏன் கடிப்பதில்லை?

கிராங்க்பெய்ட், ஸ்பின்னர் போன்ற மற்ற செயற்கை இரைகளுக்கு உயிர் கொடுப்பது ரீல். சுற்றினால் அவை ஆடும், நிறுத்தினால் செத்துவிடும். புழு நேர்மாறு. அதை நகர்த்த வேண்டியது ராடு. ரீலின் வேலை, ராடைத் தாழ்த்தும்போது நரம்பில் (தூண்டில் நூலில்) உண்டாகும் தொய்வைச் சுற்றி எடுப்பது மட்டும்தான். இந்த ஒன்று கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

செய்முறை: ராடு நுனியைக் கடிகாரத்தின் 9 மணி நிலையிலிருந்து 11 மணி நிலைக்கு மெதுவாகத் தூக்குங்கள். புழு ஏரித்தரையை விட்டு எழும்பி ஒன்றிரண்டு அடி உங்களை நோக்கி வரும். இனி ராடைத் திரும்பவும் 9 மணிக்குத் தாழ்த்துங்கள். தாழ்த்தும்போது நரம்பு தொய்யும், புழு விழும். பெரும்பாலான கடி வருவது இந்த விழுகையில்தான். புழு அடியில் படிந்ததும் தொய்வை மட்டும் சுற்றிவிட்டு, மறுபடி தூக்குங்கள்.

நரம்பை விறைப்பாகவே வைத்திருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பார்கள். விறைத்த நரம்பில் தொங்கும் புழு நேராக விழாது. வில்லாக வளைந்து உங்கள் பக்கம் வந்துவிடும். மீன் ஒளிந்திருக்கும் மரக்கட்டைக்குக் குறிவைத்துத்தான் வீசியிருப்பீர்கள், புழுவோ அதைவிட்டு நாலைந்து அடி தள்ளி அடியில் இறங்கும். தளர்ந்த நரம்பில் அது கட்டையின் ஓரமாகவே செங்குத்தாக இறங்கும். ஆனால் முழுதும் தளர்த்தினால் கடித்தது தெரியாது. பட்டம் விடுகிறவன் நூலை ரொம்ப இறுக்கவும் செய்யாமல், தளர விடவும் செய்யாமல் விரலில் உணர்ந்துகொண்டே இருப்பானே, அந்தப் பதம் வேண்டும்.

வீசியவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதுவும் செய்யாமல் நரம்பைப் பாருங்கள். வீசியபின் புழு முதல் தடவை இறங்கும் அந்தச் சில விநாடிகள்தான் அந்த வீச்சிலேயே விலை அதிகம். அங்கே மீன் இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடும்.

இறங்கும்போது மனதுக்குள் எண்ணுங்கள். முதல் வீச்சில் அடியைத் தொட எட்டு எண்ணிக்கை ஆனது, அடுத்த வீச்சு அதே இடத்தில் நாலிலேயே நின்றுவிட்டது என்றால் நடுவில் ஏதோ பிடித்திருக்கிறது. நரம்பு சட்டென்று ஒரு துள்ளு துள்ளினாலும், பக்கவாட்டில் நகர ஆரம்பித்தாலும் அதே பொருள்தான். வெயிலில் நரம்பு கண்ணுக்குத் தெரிய, நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி உதவும்.

டெக்சாஸ் ரிக் என்கிறார்களே, அதில் எத்தனை விதமாக இழுக்கலாம்?

நரம்பில் துப்பாக்கிக் குண்டு வடிவ ஈயம், அதற்குக் கீழே வளைந்த முள், முள்ளின் கூர் புழுவின் உடலுக்குள் மறைந்திருக்கும். இந்தக் கட்டுமுறைதான் டெக்சாஸ் ரிக். கூர் மறைந்திருப்பதால் பாசியிலும் மரத்திலும் அவ்வளவாக மாட்டாது. ஆரம்பிக்கிறவர்கள் இது ஒன்றை மட்டும் ஒரு பருவம் முழுக்க வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

முதலில் தரையோடு இழுப்பது. ராடைத் தாழ்த்தி, நீர்மட்டத்துக்கு இணையாகப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்துங்கள். புழு எழும்பாமல் அடியைத் தேய்த்துக்கொண்டே வரும். பார்க்கச் சலிப்பான முறை, ஆனால் ஏரியின் அடியைக் கையால் தடவிப் பார்க்க இதைவிட வழி இல்லை. சரளைக் கல் மேல் வந்தால் ராடில் கரகரவென்று தெரியும். சேறு என்றால் கனமாக, ஓசையில்லாமல் வரும். மரக்கட்டை என்றால் ரப்பரை இழுப்பதுபோல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். சேற்றிலிருந்து சரளைக்கு மாறும் இடம், மேட்டிலிருந்து பள்ளம் விழும் விளிம்பு, இவைதான் பாஸ் காத்திருக்கும் இடங்கள். அப்படி ஒரு மாற்றம் கையில் தெரிந்தால் இழுப்பதை நிறுத்தி அங்கேயே கொஞ்ச நேரம் விட்டுவையுங்கள்.

அடுத்தது தத்த வைப்பது. மேலே சொன்ன 9-லிருந்து 11 மணி அசைவுதான். மெதுவாகத் தூக்கினால் ஊர்வதுபோல் இருக்கும், சுண்டினால் பயந்து குதிப்பதுபோல் இருக்கும். கோடையில், மீன் சுறுசுறுப்பாக இருக்கும்போது, ஆழமான திட்டு விளிம்புகளில் கனத்த ஈயத்தோடு மூன்று நான்கு அடி உயரத்துக்கே சுண்டிவிட்டு விழவிடுகிறவர்கள் உண்டு. தத்துவதைவிட அந்தத் தடால் விழுகைதான் மீனைக் கோபப்படுத்துகிறது.

நடுக்குவது: புழுவை இடம் மாற்றாமல், தொய்ந்த நரம்பை மட்டும் ராடு நுனியால் படபடவென்று அதிரவிடுவது. சும்மா விடுவது: பெயரே சொல்லிவிட்டது. பத்து, இருபது விநாடி அசையாமல் கிடக்க விடுங்கள். குளிர்காலத்தில் இது வேலை செய்யும். பொறுமைதான் நம்மிடம் இருக்காது.

நீந்த வைப்பது ஒன்றில் மட்டும்தான் ரீலைத் தொடர்ந்து சுற்றுகிறோம். லேசான ஈயமும் வால் சுருண்ட புழுவும் வேண்டும். நீருக்கடியில் வளர்ந்த பாசியின் தலையை உரசும் அளவுக்கு மெதுவாகச் சுற்றுங்கள். பாசியில் தட்டினால் ஒரு கணம் நிறுத்தி, விழவிட்டு, மறுபடி சுற்றுங்கள்.

எந்தப் பருவத்தில் எது?

பாஸ் குளிர்ரத்தப் பிராணி. தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் அதன் செரிமானமே மந்தமாகிவிடும். விரட்டிப் பிடிக்காது, மூக்குக்கு முன்னால் கிடந்தால்தான் எடுக்கும். ஆகவே தரையோடு இழுப்பது, சும்மா விடுவது, சின்னப் புழு.

தண்ணீர் 60-ஐத் தாண்டும்போது முட்டையிடக் கரையோரம் வரும். டெக்சாஸில் இது பிப்ரவரிக் கடைசி, மார்ச் வாக்கில். வடக்கே போகப் போகத் தள்ளிப்போகும், மினசோட்டாவில் மே கூட ஆகிவிடும். அப்போது ஈயம் இல்லாத புழுதான் சிறப்பு.

ஜூலை, ஆகஸ்டில் விடியற்காலை கரையில், வெயில் ஏறியதும் ஆழத்தில். ஆழம் என்றால் அடிமட்டம் வரை அல்ல. கோடையில் பல ஏரிகளில் சூடான மேல்நீருக்கும் குளிர்ந்த கீழ்நீருக்கும் நடுவே ஒரு அடுக்கு உருவாகும். அதற்குக் கீழே பிராணவாயு மிகக் குறைவு, மீன் தங்காது. படகில் ஒலியால் நீருக்கடியைக் காட்டும் சோனார் கருவி இருந்தால் அந்த அடுக்கு மங்கலான கோடாகவே தெரியும். இரவில் போகிறவர்கள் 10 அங்குலக் கறுப்புப் புழுவைத் தரையோடு இழுப்பார்கள். இருட்டில் கீழிருந்து பார்க்கும் மீனுக்குக் கறுப்பு உருவம் எடுப்பாகத் தெரியும்.

ஈயம் எவ்வளவு கனம்?

ஆழத்தைவிட, புழு எவ்வளவு வேகமாக விழ வேண்டும் என்பதைப் பார்த்தே எடையைத் தேர்ந்தெடுங்கள். ஆறடிக்குள் 1/8 அல்லது 3/16 அவுன்ஸ். பத்துப் பதினைந்து அடிக்கு 1/4 முதல் 3/8. அதற்கு மேல், அல்லது காற்று பலமாக அடித்தால், அரை அவுன்ஸ். அடி தெரியவே இல்லை என்றால் ஒரு படி கூட்டுங்கள். தெரிகிறது, கடி இல்லை என்றால் ஒரு படி குறையுங்கள்.

பாசி, மரக்கிளை உள்ள இடத்தில் ஈயம் நரம்பில் நழுவாதபடி சின்ன ரப்பர் தடுப்பான் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஈயம் கிளைக்கு ஒரு பக்கமும் புழு மறுபக்கமுமாகத் தொங்கும். திறந்த வெளியில் தடுப்பான் வேண்டாம். ஈயம் முன்னே ஓடிவிட, புழு பின்னால் தனியாக மிதந்து இறங்குவது அழகாகவே இருக்கும்.

ஈயத்துக்குப் பதிலாக டங்ஸ்டன் குண்டும் உண்டு, விலை அதிகம். ஆனால் அதே எடையில் உருவம் சிறியது, கெட்டியானது என்பதால் அடியில் இருப்பது கையில் தெளிவாகத் தெரியும். மெய்ன், நியூ ஹாம்ஷயர், வெர்மாண்ட் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் சிறிய ஈயக் குண்டுகளுக்குத் தடையே உண்டு. லூன் என்னும் நீர்ப்பறவை அவற்றை விழுங்கிச் செத்ததுதான் காரணம்.

நீருக்குள் பட்டமரங்கள் நிற்கும் ஏரியில் முள் மாட்டிக்கொண்டே இருக்கிறதே?

டல்லாஸுக்குக் கிழக்கே இருக்கும் லேக் ஃபோர்க் இப்படிப்பட்ட ஏரிதான். அணை கட்டியபோது மரங்களை நிறையவே விட்டுவைத்தார்கள். மாட்டுவதற்குப் பயந்து மரத்தை விட்டு விலகி வீசினால் மீனையும் விட்டு விலகி வீசுகிறீர்கள்.

கிளையில் தட்டியது தெரிந்ததும் பெரும்பாலானோர் வெடுக்கென்று இழுப்பார்கள், முள் மரத்தில் இறங்கிவிடும். அப்படிச் செய்யாமல் ராடை மெல்லத் தூக்கிப் புழுவைக் கிளைமேல் ஏற்றுங்கள். கிளையின் முதுகில் வந்து நிற்கும்போது இரண்டு தடவை நடுக்குங்கள். பிறகு நரம்பைத் தளர்த்தினால் புழு கிளைக்கு மறுபக்கம் தொப்பென்று விழும். அந்த விழுகைக்குத் தயாராக இருங்கள். நிஜமாகவே மாட்டிக்கொண்டால் ராடைத் தாழ்த்தித் தொய்வு கொடுத்து நுனியால் ஆட்டுங்கள், ஈயத்தின் கனமே பல நேரம் கழற்றிவிடும்.

சென்கோவை நடுவில் குத்துகிறார்களே, அதை எப்படி இழுப்பது?

வாக்கி ரிக் என்று பெயர். கேரி யமமோட்டோ என்ற இரை தயாரிப்பாளர் கொண்டுவந்த சென்கோ உப்பு கலந்து செய்தது, ஈயம் இல்லாமலே இறங்கும். நடுவில் முள் குத்தினால் கிடைமட்டமாக, இரண்டு முனையும் படபடத்துக்கொண்டே விழும். இந்தப் படபடப்பை நாம் செய்வதில்லை, தானே வருவது. அதனால் இழுக்கும் முறை என்று இதில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை: வீசுங்கள், தொய்ந்த நரம்பில் விழவிடுங்கள், அடியில் ஐந்து விநாடி கிடக்கட்டும், ஒரே ஒரு தடவை தூக்கி மறுபடி விழவிடுங்கள். இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம், சுருட்டி எடுத்து வேறு இடத்தில் வீசுங்கள்.

பிள்ளைகளைக் குளத்துக்கு அழைத்துப் போகிறவர்கள் இதிலிருந்து ஆரம்பிக்கலாம். நேராக முள்ளைக் குத்தினால் நாலு வீச்சில் புழு கிழிந்து போகும். புழுவின் இடுப்பில் சின்ன ரப்பர் வளையம் மாட்டி, முள்ளை வளையத்துக்கு அடியில் செருகினால் நாள் முழுக்க வரும்.

கரோலைனா ரிக், டிராப் ஷாட்?

கரோலைனா ரிக்கில் ஈயம் முன்னால், 1/2 முதல் 1 அவுன்ஸ். அதற்கு இரண்டு மூன்று அடி பின்னால் புழு. ராடைப் பக்கவாட்டில் நீளமாக வீசி இழுத்து, நிறுத்தி, தொய்வைச் சுற்றுங்கள். ஈயம் தரையைக் கிளறிக்கொண்டு போகும், புழு அதற்குப் பின்னால் ஒன்றும் அறியாததுபோல் மிதந்து வரும். பெரிய பரப்பை வேகமாகத் தேட நல்லது. 1985 பாஸ்மாஸ்டர் கிளாசிக் தூண்டில் போட்டியை ஜாக் சான்சலர் இந்த மாதிரி கட்டிய புழுவால்தான் வென்றார், அதன் பிறகே எல்லோரும் இதைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

டிராப் ஷாட்டில் ஈயம் கடைசியில், புழு அதற்கு ஓரடி மேலே. ஈயம் அசையக் கூடாது. தொய்வை மட்டும் நடுக்குங்கள். தெளிந்த ஆழ நீருக்கு இதைப்போல் வேறில்லை, கலங்கிய குளத்தில் நேர விரயம்.

கடித்தது பாஸா, பாசியா, வேறு சின்ன மீனா?

டக்-டக்-டக் என்று விடாமல் கொத்தினால் புளூகில் போன்ற சின்ன மீன் வாலைப் பிடித்து இழுக்கிறது. பாஸ் கொத்துவதில்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. அதனால் கையில் தெரிவது ஒரே ஒரு 'டொக்'. சில நேரம் அதுவும் இல்லாமல், ராடு நுனியில் இருந்த கனம் காணாமல் போகும். புழுவைக் கவ்விய மீன் உங்களை நோக்கி வருகிறது என்று அர்த்தம். பாசி என்றால் கனம் படிப்படியாகக் கூடும், உயிர் இருக்காது.

நரம்பை ரீலுக்கு முன்னால் ஆள்காட்டி விரலின்மேல் ஓடவிட்டால் இந்த வேறுபாடு சீக்கிரம் பழகிவிடும். சந்தேகம் வந்தால் இழுத்துவிடுங்கள், இழுப்பதற்குக் காசில்லை.

கடித்தவுடன் இழுக்கவா, விழுங்கும்வரை விடவா?

ஊரில் மண்புழு குத்தித் தக்கை போட்டுப் பழகியவர்களுக்குத் தக்கை அமிழும்வரை பொறுப்பது கையோடு ஊறிப்போயிருக்கும். இங்கே அது உதவாது. பிளாஸ்டிக்கில் ருசி இல்லை, மீன் ஓரிரு விநாடியில் துப்பிவிடும். அப்படியே விழுங்கினாலும் முள் தொண்டையில் இறங்கும். அந்த மீனைத் திருப்பி விட்டாலும் பிழைப்பது கடினம்.

டொக் என்றதும் ராடு நுனியை மீன் பக்கம் தாழ்த்துங்கள், தொய்வை வேகமாகச் சுற்றுங்கள், மீனின் கனம் தெரிந்த கணம் ராடைப் பலமாகத் தூக்குங்கள். இது முழுவதும் ஒரு விநாடிக்குள் முடிய வேண்டும். டெக்சாஸ் ரிக்கில் முள் முதலில் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும், அதனால்தான் இவ்வளவு பலம். வாக்கி, டிராப் ஷாட்டில் முள் வெளியே இருக்கிறது. அங்கே இப்படி இழுத்தால் மெல்லிய நரம்பு அறுந்து போகும், ராடைச் சாய்த்தபடி சுற்றினாலே போதும்.

எந்த ராடு, எந்த நரம்பு?

7 அடி, மீடியம் ஹெவி (ஓரளவு விறைப்பானது), நுனி மட்டும் வளையும் ராடு. 12 முதல் 17 பவுண்டு ஃபுளூரோகார்பன் நரம்பு. அது அமிழும், அவ்வளவாக நீளாது. சாதாரண நைலான் நீண்டு கொடுக்கும், தூரத்தில் கடித்தால் முள் இறங்காது. அடர்ந்த பாசி என்றால் பின்னல் நரம்பு. 6, 7 அங்குலப் புழுவுக்கு 3/0 அளவு முள், 10 அங்குலத்துக்கு அதைவிடப் பெரிய 5/0. கடைக்காரர் இதற்கு மேல் சொல்வது அவர் பிழைப்பு.

வண்ணம் முக்கியமா?

கடையில் தொங்குமளவுக்கு இல்லை. தெளிந்த நீரில் கிரீன் பம்ப்கின் என்னும் மங்கிய பச்சை, கலங்கிய நீரில் கறுப்பும் நீலமும் கலந்தது. இரண்டு பொட்டலத்தோடு நிறுத்திக்கொண்டு மிச்சக் காசில் ஈயம் வாங்குங்கள்.

பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?

டெக்சாஸில் 17 வயது ஆனவர்களுக்கு உரிமம் வேண்டும். மாநிலப் பூங்காக்களின் கரையிலிருந்து பிடிக்க மட்டும் உரிமம் தேவையில்லை, புதிதாக வந்தவர்களுக்கு இது வசதி. லார்ஜ்மவுத் பாஸுக்குப் பொது விதி: குறைந்தது 14 அங்குலம், நாளுக்கு ஐந்து. ஏரிக்கு ஏரி விதி மாறும். லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ளதை உடனே விட்டுவிட வேண்டும், 24-ஐத் தாண்டியது ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம். பெரிய மீன்கள் அங்கே இருப்பதற்கு இந்தக் கண்டிப்பும் ஒரு காரணம். மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு பாஸ் 1992-இல் அங்கேதான் கிடைத்தது. கிளம்புமுன் டெக்சாஸ் பூங்கா, வனவிலங்குத் துறையின் அந்த ஆண்டு விதிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கிழிந்த புழுவை என்ன செய்வது?

தண்ணீரில் மட்டும் போடாதீர்கள். அடியில் கிடப்பதை மீன் விழுங்கினால் வயிற்றுக்குள் ஊதிப்போய் அடைத்துக்கொள்ளும். பைக்குள் போட்டு வீட்டுக் குப்பைத்தொட்டியில் சேருங்கள். தலைப்பக்கம் மட்டும் கிழிந்திருந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி கோக்கலாம்.

மிச்சமிருப்பதை வாங்கிய பொட்டலத்திலேயே வையுங்கள். பெட்டியில் கொட்டினால் ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஏறும். ஈலாஸ்டெக் என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்த புழுவைச் சாதாரணப் புழுவோடு சேர்த்து வைத்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். கெட்டிப் பிளாஸ்டிக் இரைகளோடு கலந்து வைத்தாலும் இதே கதிதான், டெக்சாஸ் கோடையில் காருக்குள் விட்டு வந்தீர்களென்றால் இன்னும் சீக்கிரம்.